பிள்ளை சாப்பிடுகிறாள் இல்லை: இது பிடிவாதமா, வருத்தமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதியது நீளம், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். உங்கள் பெறாமகளுக்கு 17 வயது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். ஒரு வருசத்துக்குள் பாதி உடம்பாகிவிட்டாள். காலையில் ரியூசன் அவசரம், மத்தியானம் 'கேஸ்ட்ரிக்', இரவில் விரதம் என்று ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் வீட்டில் கேக் அடிப்பது, வந்தவர்களுக்குப் பரிமாறுவது எல்லாம் அவள்தான். அக்கா அடிக்காத குறையாகக் கத்துகிறார், அத்தான் "சோதனை முடிய எல்லாம் சரிவரும்" என்கிறார், அம்மம்மா நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போடுகிறார். வரப்போகிற கௌரிக் காப்புக்கு 21 நாளும் பிடிக்கப் போவதாகப் பிள்ளை சொல்கிறாள். இது வருத்தமா, பிடிவாதமா, இப்படியே விட்டால் என்ன ஆகும், விரதத்துக்கு விடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் வைத்தியர் இல்லை. முப்பது வருசத்துக்கு மேல் தாதியாக இருந்து, அதில் பாதிக் காலத்தை மனநல விடுதியில் கழித்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். பிள்ளையைப் பார்க்காமல் இன்ன வருத்தம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிமிர்ந்து இருக்க வைத்தது. "மூன்று மாதமாக ஒருநாள்கூடக் கோயிலுக்கு வரேலாது என்று சொன்னதில்லை, அவ்வளவு பக்தி" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பக்தியாக இருக்கலாம். மாதவிடாய் நின்றுபோயும் இருக்கலாம். எங்கள் வீடுகளில் அந்த நாட்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கோயிலுக்கு யார் வரவில்லை என்பதை வைத்துத்தான் தாய்மார் கணக்குப் பார்ப்பது, அந்தக் கணக்கு மூன்று மாதம் பிழைத்திருந்தும் யாருக்கும் தட்டவில்லை என்றால் அது பக்தி என்ற பெயரில் மறைந்து போயிருக்கிறது. அக்காவைத் தனியாக, சத்தம் போடாமல் கேட்கச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த வருத்தம் தன் சொந்தப் பெயரில் வந்து நான் பார்த்ததே குறைவு. உணவுண்ணல் கோளாறு என்று ஒரு சொல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு தாயும் கிளினிக்குக்கு வந்ததில்லை. வருவது கேஸ்ட்ரிக் என்று. அல்லது விரதம், படிப்பு. மூன்றும் எங்கள் ஊரில் கேள்வி கேட்க முடியாத காரணங்கள். படிக்கிற பிள்ளை சாப்பிட நேரமில்லை என்றால் அது பெருமை, விரதம் பிடிக்கிற பிள்ளை புண்ணியம், கேஸ்ட்ரிக் என்றால் பாவம். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இரண்டு வருசம் வயிற்றுக் குளிசை கொடுத்தார்கள், வயிற்றுக்குள் கமரா விட்டும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ஒருவர்கூட "நேற்று என்ன சாப்பிட்டனி?" என்று கேட்கவில்லை. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், எல்லா இடத்திலும் அதுதான் நிலைமை.

கேஸ்ட்ரிக் பொய் என்றும் நினைக்காதீர்கள். நாட்கணக்காகச் சாப்பிடாதவரின் இரைப்பை மெதுவாகத்தான் வேலை செய்யும், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு முட்டிப்போகும், ஊதும், குமட்டும். அந்த வேதனை உண்மை, அது சாப்பாட்டைக் குறைத்ததால் வந்தது என்பதுதான் அவளுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டாள். 1990களில் ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் இதே மாதிரியான நோயாளிகளைப் பற்றி எழுதினார். கொழுத்துப் போவேன் என்ற பயத்தைப் பேசாமல், வயிறு நிறைந்திருக்கிறது, பசியில்லை என்று மட்டும் சொல்லிச் சொல்லி எலும்பாகிப் போன பெண்கள். மேற்கு நாட்டுப் புத்தகத்தில் இருக்கிற "நான் குண்டு" என்ற வசனம் வாயில் வரவில்லை என்பதற்காக வருத்தம் இல்லை என்று ஆகாது. அதை வாசித்தபோது எனக்கு எங்கள் வெளிநோயாளர் வாங்கில் கால் ஆட்டிக்கொண்டு இருந்த பிள்ளைகள்தான் ஞாபகம் வந்தார்கள்.

விரதத்துக்கு வருவோம். நானும் கந்தசஷ்டி பிடிக்கிறவள்தான், ஆகவே விரதத்தைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வரவேண்டாம். விரதத்துக்கும் இந்த வருத்தத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த லேசான வழி பாறணை. விரதம் பிடிக்கிறவர் பாறணைக்காகக் காத்திருப்பார், அன்றைக்கு விடிய எழும்பிக் குளித்து, கறி எத்தனை என்று எண்ணி, நெய் விட்டு வயிறாரச் சாப்பிடுவார். வருத்தம் உள்ள பிள்ளைக்குப் பாறணைதான் பயம். அன்றைக்குத் தலையிடி வரும், வகுப்பு வரும், வாழையிலையில் சோற்றை இங்கும் அங்கும் தள்ளிவிட்டு எழும்புவாள். ஒரு விரதம் முடிய அடுத்ததைத் தேடுவாள், தேட எங்கள் பஞ்சாங்கத்தில் பஞ்சமும் இல்லை. கௌரிக் காப்பு 21 நாள் முடிந்து மறுநாளே கந்தசஷ்டி தொடங்குகிறது, இரண்டையும் சேர்த்தால் 27 நாள், அதற்குப் பிறகு வெள்ளி, பிறகு மார்கழித் திருவெம்பாவை. சாப்பிடாமல் இருக்க விரும்புகிற ஒருவருக்கு யாரும் குறை சொல்லாத ஒரு வருசம் முழுக்கக் கிடைத்துவிடும்.

சரி, கேக் அடிக்கிற கதைக்கு வருகிறேன், அதில்தான் உங்கள் "பிடிவாதமா" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

இந்த வருத்தத்துக்கு 1873இல் லண்டனில் வில்லியம் கல் என்ற வைத்தியர் அனொரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்தார். அதே ஆண்டில் பாரிசில் லசேக் என்பவரும் இதே மாதிரி இளம் பெண்களைப் பற்றி எழுதினார். ரிக்ரொக் வந்த பிறகு வந்த வருத்தம் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க, அப்போது புகைப்படமே புதினம். அந்தப் பெயரின் பொருள் ஏறக்குறைய 'நரம்புத் தளர்ச்சியால் வரும் பசியின்மை'. பெயரே பிழை. பசி இருக்கிறது, பயங்கரமாக இருக்கிறது, அவர்கள் இருபத்துநான்கு மணித்தியாலமும் சாப்பாட்டைப் பற்றித்தான் நினைக்கிறார்கள்.

அது எப்படித் தெரியும் என்றால், இரண்டாம் உலகப்போர் முடிகிற நேரத்தில், 1944 கடைசியில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை தொடங்கினார். ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று அறிவதற்காக, போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடம்பும் மனமும் நன்றாக இருக்கிறவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். 24 கிழமை அரைவயிறு. உருளைக்கிழங்கு, கோவா, பாண், மக்கரோனி மாதிரிச் சாப்பாடு. அவர்களுடைய எடையில் கால்பங்கு போனது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மனதுக்கு நடந்தது. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், மற்றவர்கள் சாப்பிடுவதை இமைக்காமல் பார்த்தார்கள், ஒரு கோப்பைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்துத் துளித்துளியாகத் தின்றார்கள், சிரிப்பு நின்றது, நண்பர்களை வெறுத்தார்கள், எந்நேரமும் குளிர்ந்தது, படிக்க முடியவில்லை. சிலர் களவாகச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் அழுதார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் எவ்வளவு தின்றாலும் அடங்கவில்லை.

இதில் ஒருவருக்கும் முன்னர் மனநோய் இருக்கவில்லை. பட்டினி மட்டும்தான் இவ்வளவையும் செய்தது. இப்போது உங்கள் பெறாமகளைப் பாருங்கள்: கேக் அடிக்கிறாள், சமையல் வீடியோ பார்க்கிறாள், மற்றவர்களுக்கு இரண்டாம் தரம் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போகிறாள், தொட்டதுக்கெல்லாம் சீறுகிறாள். அது அவளுடைய குணம் இல்லை. பட்டினி கிடக்கிற மூளை பேசுகிறது. தொடங்கும்போது அவள் ஏதோ ஒரு முடிவு எடுத்திருக்கலாம், இனிப்பை விடுவோம், இரவுச் சோற்றை விடுவோம் என்று. ஒரு கட்டத்துக்குப் பிறகு முடிவு அவள் கையில் இல்லை. பிடிவாதம் என்று பார்த்தால் அடிக்கத் தோன்றும், வருத்தம் என்று பார்த்தால் பக்கத்தில் இருக்கத் தோன்றும், அதனால்தான் இந்த வித்தியாசத்துக்கு இவ்வளவு மினக்கெடுகிறேன்.

மெலிந்து போவது மட்டும்தான் இந்தக் கோளாறு என்று எடுத்துவிடாதீர்கள். உண்மையில் உணவுண்ணல் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் பார்வைக்கு மெலிவே இல்லை. புலிமியா என்று ஒன்று, 1979இல் ஜெரால்ட் ரசல் என்ற வைத்தியர் லண்டனில் விவரித்தது. கட்டுப்பாடு இல்லாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிறகு பயத்தில் அதை எப்படியாவது வெளியேற்றுவது. எடை சாதாரணமாக இருக்கும், வருசக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாது. சாப்பிட்டு முடித்த கையோடு ஒவ்வொரு நாளும் குளியலறைக்குப் போகிறாளா, வந்ததும் கண் சிவந்திருக்கிறதா, விரல் மொழியில் தழும்பு இருக்கிறதா, காதுக்குக் கீழே கன்னம் உப்பி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உப்பலைப் பார்த்து "இப்ப கொஞ்சம் சதை வைச்சிருக்கு" என்று சந்தோசப்படுகிற அன்ரிமார் உண்டு, அது உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியது. முதலில் கண்டுபிடிக்கிறவர் பல நேரம் பல் வைத்தியர்தான், வயிற்று அமிலம் பல்லின் மேற்பூச்சைத் தின்றுவிடும்.

இன்னொன்று கட்டுக்கடங்காமல் உண்பது, வெளியேற்றுவது எதுவும் இல்லாமல். 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. இதை நான் நடுவயதுப் பெண்களில் கண்டிருக்கிறேன். புருசன் வெளிநாட்டில், மாமியார் படுக்கையில், பகல் முழுக்கத் தேத்தண்ணியோடு ஓடித் திரிந்துவிட்டு, எல்லோரும் படுத்த பிறகு குசினியில் லைட் போடாமல் நின்றபடியே மிச்சச் சோறு, பிள்ளைகளின் பிஸ்கட், நாளைக்கு என்று வைத்த பாண் எல்லாம். ருசிக்காக இல்லை, நிறுத்த முடியாமல். காலையில் அவமானம், அந்த அவமானத்தில் திரும்பப் பட்டினி, இரவில் திரும்ப அதே. சீனி வருத்தம் வந்து கிளினிக்குக்குப் போனால் அங்கே ஒரு ஏச்சு, "வாயைக் கட்ட ஏலாதோ?" என்று. ஏசினால் அன்றிரவு இன்னும் கூடச் சாப்பிடுவார். எங்கள் ஆட்களே அப்படி ஏசியதைக் கேட்டிருக்கிறேன், நானும் ஆரம்ப காலத்தில் ஏசியிருக்கிறேன், ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே.

பெடியங்களை மறந்துவிடக் கூடாது. ஜிம்முக்குப் போய், தசை காணாது காணாது என்று கண்ணாடி முன்னால் நின்று, வீட்டுச் சாப்பாட்டை விட்டு அவித்த கோழியும் புரத மாவும் மட்டும் என்று இருக்கிற பெடியனை 'ஒழுக்கம்' என்று மெச்சுகிறோம். அவன் நண்பனின் கலியாண வீட்டுக்குக்கூட டப்பாவோடு போகிறான் என்றால், ஒருநாள் ஜிம் பூட்டியிருந்தால் அவனுக்கு நித்திரை வராது என்றால், அதுவும் யோசிக்க வேண்டியதுதான். இன்னும் சில சின்னப் பிள்ளைகள் உடம்பைப் பற்றிய எந்த எண்ணமும் இல்லாமல், மணம் பிடிக்கவில்லை, புரைக்கேறி விடும் என்ற பயம் என்று மூன்று நான்கு சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் தொடாது. அது வேறு வகை, அதற்கு வைத்தியமும் வேறு.

இனி, விட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். மனநோய்களில் ஆளைக் கொல்கிற வருத்தங்களில் முன்வரிசையில் நிற்பது அனொரெக்சியா. பயமுறுத்த எழுதவில்லை, "சோதனை முடியட்டும்" என்கிற அத்தானுக்காக எழுதுகிறேன். இதயத் தசையும் தசைதான், அதுவும் தேயும். நாடித்துடிப்பு குறையும், எழும்பி நிற்கத் தலை சுற்றும். வாந்தியும் பேதி மருந்தும் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை வழித்துக்கொண்டு போய்விடும், பொட்டாசியம் விழுந்தால் இதயம் முன்னறிவித்தல் இல்லாமல் தடுமாறும். நல்லாக இருக்கிற மாதிரித்தான் இருப்பார்கள். பேதி மருந்தால் போவது பெரும்பாலும் தண்ணீர், அதில் மெலிவு என்று ஒன்று இல்லை, கேடு மட்டும் உண்டு. எலும்பு பலம் கூடுகிற வயது இது, இப்போது மாதவிடாய் நின்று எலும்பு தேய்ந்தால் பிறகு முழுதாகத் திரும்பி வராமல் போகலாம். கிணற்றடியில் அள்ளு அள்ளாகத் தலைமயிர், கையிலும் முதுகிலும் மெல்லிய பூனைமயிர். உடம்பை விட மனம் நொந்து உயிரை மாய்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. சாகிறது பற்றி ஒரு வசனம் சொன்னாலும் அதைப் பகிடியாக எடுக்காதீர்கள், நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு வராதவர்களிலும் இந்த வருத்தம் நாளை எப்படித் தின்கிறது என்பதை வெளியில் இருக்கிறவர்கள் உணர்வது கஷ்டம். என்னோடு கதைத்த ஒரு பிள்ளை, இப்போது சுகமாகி வேலைக்குப் போகிறாள், சொன்னாள்: விடிய ஐந்து மணிக்கு எழும்பியதும் முதல் யோசனை இன்றைக்கு எந்தச் சாப்பாட்டை எப்படித் தவிர்ப்பது. ரியூசனில் சேர் கரும்பலகையில் எழுதுவது கண்ணில் படும், மண்டைக்குள் போகாது, மண்டைக்குள் வேறு கணக்கு ஓடும். இடைவேளையில் சிநேகிதிகள் றோல்ஸ் வாங்கப் போனால் இவள் நோட்ஸ் எழுதுவது மாதிரி நடிப்பாள், கொஞ்ச நாளில் அவர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பின்னேரம் சூன் பாண் ஓட்டோவின் பாட்டு ஒழுங்கைக்குள் கேட்டால் நெஞ்சு அடிக்கும், தம்பி மாலுபாண் வாங்கினால் அந்த மணத்தோடு ஒரு மணித்தியாலம் போராட்டம். கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள், அந்தியேட்டி, எங்கள் ஊரில் எந்த நல்லது கெட்டதும் பந்தியில்தானே முடியும், ஆகவே எல்லாவற்றிலிருந்தும் விலகினாள். "படிப்பு" என்றால் போதும், விட்டுவிடுவார்கள். கடைசியில் படிப்பும் போனது, முதல் தரம் எழுதிய பெறுபேறு அவளுடைய மூளைக்கு உரியதாக இருக்கவில்லை. சோதனைக்காகத்தான் வைத்தியத்தைத் தள்ளிப் போட்டார்கள் என்பதை அத்தானிடம் சொல்லுங்கள்.

வீடும் சேர்ந்து சுருங்கும். தாய் சமைப்பதும் கெஞ்சுவதும் அழுவதுமாக இருப்பார், தகப்பன் பின்னேரம் வீட்டுக்கு வரப் பிந்துவார், தம்பி தங்கச்சியை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர்களிடமும் இரண்டு வார்த்தை கதையுங்கள்.

ஏன் வந்தது? ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன். பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதைக் காட்டியிருக்கின்றன. ஆகவே "நீ வளர்த்த வளர்ப்பு" என்று அக்காவைக் குத்த வேண்டாம். எதையும் திறமாகச் செய்யவேண்டும் என்கிற குணம், பதகளிப்பு, பகிடிவதை, மனதில் பட்ட காயம், பாலியல் தொந்தரவு, இவற்றில் எதுவும் பின்னால் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் வரலாம். சுற்றாடலும் சேர்கிறது. பீஜித் தீவில் முன்பு பொலிவான உடம்புதான் அழகு, ஒருவர் மெலிந்தால் வீட்டுக்காரர் கவனிக்கவில்லை என்று அர்த்தம். ஏறக்குறைய எங்கள் "வயக்கெட்டுப் போனாய், அம்மா சாப்பாடு தாறேல்லையோ" மாதிரி. 1995இல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டிலும் மூன்று வருசம் கழித்து 1998இலும் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டார். மெலிவதற்காக வாந்தி எடுக்கிறோம் என்று முதலில் ஒருவரும் சொல்லவில்லை, பிறகு நூற்றுக்குப் பதினொரு பேரளவில் சொன்னார்கள். இங்கே எங்களுக்கு இரண்டு அடியும் சேர்ந்து விழுகிறது. அம்மம்மா "எலும்பும் தோலும்" என்பார், கனடாவில் இருந்து வீடியோ கோலில் மாமி "என்னடி, நல்லாக் கொழுத்திட்டாய்" என்பார், சாமத்திய வீட்டு அல்பத்துக்கு வந்த படப்பிடிப்பாளர் "தங்கச்சி, கையை உடம்போட ஒட்டாமல் வையுங்கோ, பருமனாத் தெரியுது" என்பார். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஊரைக் கூட்டி வைத்த சபையில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எப்படி எழுதுவது என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் அக்காவின் வயதுக்காரர்கள் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்கள். 1995இல் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் அங்காலையும் நடந்தவர்கள். சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்தவர்கள், ஒருநேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். அப்படிப்பட்ட தாய்க்கு மகள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவது சாப்பாட்டு விசயமாகப் படாது, தன் முழு வாழ்க்கையையும் தள்ளிவிடுவதாகப் படும். "நாங்கள் இல்லாமல் கிடந்தம், நீ இருந்தும் எறியிறாய்" என்ற சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. அக்காவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வசனம் பிள்ளைக்குச் சாப்பாட்டோடு குற்ற உணர்வையும் சேர்த்துப் பரிமாறுகிறது, ஏற்கனவே அவளுக்கு அது வேண்டிய மட்டும் இருக்கிறது. அக்காவுக்கு அழ ஒரு இடம் வேண்டும், அது சாப்பாட்டு மேசை அல்ல, நீங்கள் இருக்கிறீர்களே.

இப்போது செய்ய வேண்டியது. இந்தக் கிழமையே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். கேஸ்ட்ரிக் என்று சொல்லிப் போகாமல், "ஒரு வருசமாகச் சாப்பாட்டைக் குறைத்து வருகிறாள், மாதவிடாய் நின்றிருக்கலாம், எழும்பத் தலை சுற்றுகிறது" என்று அப்படியே சொல்லுங்கள். எடை, படுத்தும் நின்றும் பிரசர், நாடி, ஈ.சி.ஜி., இரத்தத்தில் பொட்டாசியம், பொஸ்பரஸ், சீனி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. "விசர் கிளினிக்குக்குப் போனால் நாளைக்குக் கலியாணம் பேச ஏலாது" என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். போக முதல் யாருடனாவது கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். மயங்கி விழுந்தால், நெஞ்சு நோ அல்லது படபடப்பு என்றால், தண்ணீரும் குடிக்க மறுத்தால், நாடி நிமிடத்துக்கு 50இற்குக் கீழே போனால், சாகிற கதை கதைத்தால், கிளினிக் நாள் பார்க்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்.

ஒரு ஆபத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், எங்கள் ஆட்கள் பாசத்தில் செய்வது. நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாகக் குளுக்கோஸ், பாயாசம், முட்டைக்கோப்பி என்று ஏற்றக்கூடாது. எங்காவது கூட்டிப் போய் "ஒரு சேலைன் ஏத்தி விடுங்கோ, தெம்பு வரும்" என்று கேட்கவும் கூடாது. உடம்பு திடீரென்று மாச்சத்தைக் கண்டதும் இரத்தத்தில் இருக்கிற பொஸ்பரசை உறிஞ்சி எடுக்கும், இதயமும் மூச்சும் தடுமாறலாம், விற்றமின் பி1 இல்லாமல் குளுக்கோஸ் போனால் மூளைக்கும் கேடு. இரண்டாம் உலகப்போரில் சிறையில் பட்டினி கிடந்து விடுதலையானவர்கள் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்ததில் இருந்துதான் இது வைத்தியர்களுக்குப் பிடிபட்டது. ஆகவே நிறைய மெலிந்தவருக்கு முதல் சில நாள் சாப்பாடு வைத்தியர் சொல்கிற அளவில்.

அதற்குப் பிறகு மருந்து சாப்பாடுதான். அனொரெக்சியாவைக் குளிசையால் சுகப்படுத்த முடியாது. புலிமியாவுக்கு புளுஒக்சற்றின் ஓரளவு உதவும், கட்டுக்கடங்காமல் உண்பதற்கும் புலிமியாவுக்கும் சிந்தனை, நடத்தை சார்ந்த உளச்சிகிச்சைதான் முதல். இளம் பிள்ளைகளின் அனொரெக்சியாவுக்கு லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை நல்ல பலன் தந்திருக்கிறது. அதன் சாரம் எங்கள் ஆட்களுக்கு அந்நியம் இல்லை. முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்பதைத் தாய் தகப்பன் கையில் எடுப்பது, பிள்ளை தேறத் தேறக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில் திருப்பிக் கொடுப்பது. காய்ச்சல் வந்த பிள்ளையிடம் "மருந்து குடிக்கிறியா" என்று அபிப்பிராயம் கேட்பதில்லையே. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சின்னச் சாப்பாடு, நேரம் பிசகாமல். ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கத்தக்கூடாது, பேரம் பேசக்கூடாது, இடியப்பம் மூன்று என்று சொன்னால் மூன்று. தாய் மூன்று என்று சொல்ல அம்மம்மா "பாவம், விடு" என்றால் எல்லாம் போச்சு, பெரியவர்கள் முதலே தங்களுக்குள் கதைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலமாவது தனியே விடாமல் கரம் விளையாடுங்கள், நாடகம் பாருங்கள், பூக்கண்டுக்குத் தண்ணி விடுங்கள், சாப்பாட்டுக் கதை மட்டும் வேண்டாம். வருத்தத்தைப் பற்றிக் கதைப்பதென்றால் சாப்பாடு இல்லாத நேரத்தில், சைக்கிளில் கூட்டிப்போகிற வழியில் மாதிரி, முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில், "நீ குளிர் குளிர் எண்டு சொல்லுறாய், முந்தி மாதிரிச் சிரிக்கிறாயில்லை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். அவள் இல்லை என்பாள். கோபப்படுவாள். சரி, நாளைக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

தேறத் தொடங்கிய பிறகுதான் ஊர் வாயைக் காவல் காக்க வேண்டும். "இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு", "நல்லா இருக்கிறாய்" என்பதெல்லாம் அவள் காதில் "கொழுத்திட்டாய்" என்றுதான் விழும். மெலிவு, பருமன் இரண்டையும் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழக வேண்டும், எங்களுக்கு அது பெரிய விரதம்தான். இது மாதக்கணக்கில், சில வேளை வருசக்கணக்கில் போகும், இடையில் சறுக்கும். ஆனால் பத்து வருசம் கழித்தும் மீண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாகக் கௌரிக் காப்பு. விடக்கூடாது. வைத்தியர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் எந்த விரதமும் இல்லை. வருத்தக்காரருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் விரதம் விதிவிலக்கு என்பது எங்கள் சைவத்தில் புதிதாக வந்த கதையும் இல்லை. ஆனால் நீங்களோ அக்காவோ "பிடிக்கக் கூடாது" என்றால் அது வீட்டுச் சண்டையாகிவிடும், பக்திக்குக் குறுக்கே நின்றவர்கள் என்ற பெயரும் வரும். ஆகவே அக்காவை முதலில் தனியாகக் கோயிலுக்குப் போய் ஐயரிடம் நிலைமையைச் சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்த இரண்டு இடத்தில் ஐயரே பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ சாப்பிட்டிட்டு வந்து பூசையைப் பார், கடைசி நாள் காப்பை நான் கட்டி விடுறன், இந்த வருசம் உனக்காக அம்மா பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். உங்கள் ஐயர் அப்படிச் சொல்ல மாட்டார் என்றால் அந்த 21 நாளும் பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து வைத்திருங்கள், கிளினிக் திகதியையும் அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.